ஊற்றும் பெயரும்: பிரித்தானியாவில் டசானி நீர் அடைந்த தோல்வி பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டிலே பலராலும் விரும்பப்படும் பானமொன்று பிறிதொரு நாட்டிற் கால்கொள்ளாது போவதேன் என்ற வினாவுக்கு வணிகவியல் நூல்கள் வழக்கமாக இரு விடைகளைத் தருகின்றன. நாட்டுக்கு நாடு சுவை வேறுபடுகின்றது என்பது ஒன்று. வாங்குவோரின் மொழியையும் வழக்கங்களையும் அறியாது விளம்பரஞ் செய்தமையே காரணம் என்பது மற்றொன்று. இவ்விடைகள் பொய்யானவை அல்ல. சுவையினாலும் சொல்லினாலும் தோற்ற பானங்கள் உள. எனினும் இரண்டு விடைகளும் தோல்வியை ஒரு தற்செயலான தவறாகவே காண்கின்றன. போதிய ஆய்வும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரும் வாய்த்தால் எப்பண்டத்தையும் எம்மக்களிடத்தும் விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை அவற்றின் அடியிலே கிடக்கின்றது.

இந்நம்பிக்கையை உரைத்துப் பார்ப்பதற்கு 2004ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு தோல்வி நல்ல உரைகல்லாக அமைகின்றது. ஐக்கிய அமெரிக்காவிற் பெருவிற்பனை பெற்றிருந்த 'டசானி' என்னும் போத்தல் நீரைக் கொக்கா-கோலா கம்பனி அவ்வாண்டு பெப்ரவரி 10ஆம் திகதி பிரித்தானியாவில் அறிமுகஞ் செய்தது. மார்ச் 19ஆம் திகதி அதனை முற்றாக மீட்டுக்கொண்டது. இடைப்பட்ட காலம் ஆறு வாரங்களுக்குங் குறைவு. இங்கு விற்கப்பட்ட பொருள் தண்ணீர். அதிலே சுவைப் பிணக்குக்கு இடம் அரிது. விற்றவரும் வாங்கியவரும் பேசியது ஒரே மொழி. விளம்பரத்துக்கும் விற்பனை முயற்சிக்குமென ஒதுக்கப்பட்ட தொகை 70 இலட்சம் பவுண். எனவே வழமையான விளக்கங்கள் இரண்டும் இங்கு அதிகம் உதவா. அவற்றை விலக்கிய பின்னர் எஞ்சி நிற்கும் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அமெரிக்காவில் டசானி

பெப்சி கம்பனி 1994இல் 'அக்குவாபினா' என்ற பெயரிற் போத்தல் நீரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அதனைத் தொடர்ந்து 1999இற் கொக்கா-கோலா கம்பனி டசானியை வெளியிட்டது. இவை இரண்டும் ஊற்று நீர் அல்ல. நகரங்களின் பொதுக் குழாய்களில் வரும் நீரை ஆலையினுள் எடுத்து, வடித்து, அதிற் கரைந்துள்ள உப்புக்களை நீக்கி, பின்னர் சுவைக்கெனச் சிறிதளவு உப்புக்களைச் சேர்த்து அடைப்பதே இவற்றின் உற்பத்தி முறையாகும்.

உப்பு நீக்கும் படியில், நீர் மிக நுண்ணிய சவ்வொன்றினூடாக உயர் அமுக்கத்திற் செலுத்தப்படுகின்றது. நீரின் மூலக்கூறுகள் சவ்வைக் கடக்கின்றன; கரைந்த உப்புக்களிற் பெரும்பகுதி பின்தங்கி விடுகின்றது. எதிர்ப் பிரசாரணம் எனப்படும் இம்முறையை நடைமுறைக்கு உகந்ததாக்கிய சவ்வினை 1950களின் இறுதியிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உருவாக்கியோர் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிற் பிறந்த சிறினிவாச சௌரிராஜனும் ஆவர். உவர் நீரைக் குடிநீராக்குவதே அவ்வாய்வின் இலக்காக இருந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிறு நகரத்து மக்களுக்குக் குடிநீர் வழங்குவதற்கே இம்முறை முதலிற் பயன்பட்டது. அரச பல்கலைக்கழகமொன்றிற் பொதுத் தேவைக்கெனப் பிறந்த நுட்பம் பிற்காலத்தில் ஒரு தனியார் பண்டத்தின் தனிச்சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டமையை மனங்கொள்ளுதல் தகும்.

டசானியின் தோற்றம் அக்கம்பனியின் பொருளாதார அமைப்போடு நெருங்கிய தொடர்புடையது. நீர் பாரமான பொருள். நெடுந்தூரம் ஏற்றிச் செல்வதற்குச் செலவு மிகுதி. இதனால் அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட கொக்கா-கோலா கம்பனி தொடக்கத்திலிருந்தே நீரை அனுப்பாது பானத்தின் செறிந்த சாற்றையும் பெயரையுமே அனுப்பி வந்தது. ஆங்காங்குள்ள போத்தல் ஆலைகள் உள்ளூர் நீரைக் கலந்து, அடைத்து, விநியோகித்தன. பயணஞ் செய்தவை பெயரும் செய்முறையும். நீரோ எப்பொழுதும் உள்ளூர் நீர். டசானி இவ்வமைப்பின் இயல்பான நீட்சியாகும். பழைய பானத்திலிருந்து சாற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது நீரும் பெயரும் ஆலையும் பாரவூர்தியுமே. குழாயும் மின்சாரமும் உள்ள எந்த நகரிலும் இப்பண்டத்தை உற்பத்தி செய்யலாம். வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும் மலையோ ஊற்றோ அதற்கு இல்லை.

அமெரிக்கர் இதனை ஏற்றுக்கொண்டமைக்குச் சட்டமும் அநுபவமும் துணைநின்றன. 1995இல் அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் வகுத்த விதிகளின்படி, பொதுக் குழாயிலிருந்து பெற்ற நீரைப் போத்தலில் அடைப்போர் அதன் மூலத்தைச் சுட்டுதல் வேண்டும். ஆயின் அந்நீர் குறித்த தரத்துக்குத் தூய்மையாக்கப்பட்டிருப்பின், 'தூய்மையாக்கிய நீர்' என்று குறித்தாற் போதும். மூலத்தைக் கூற வேண்டியதில்லை. 1993இல் மில்வோக்கி நகரின் குழாய் நீரிற் புகுந்த ஒட்டுண்ணியால் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றிருந்தனர். குழாய் நீரை ஐயுறுவதற்கு இத்தகைய அநுபவங்கள் இடமளித்தன. குழாய் கொணரும் நீரைத் தொழில்நுட்பம் திருத்துகின்றது என்ற கதை அச்சூழலிற் பொருத்தமாக ஒலித்தது. அக்குவாபினாப் போத்தல்களிற் பொது நீர் வழங்கலே மூலம் என வெளிப்படையாக அச்சிடுவதற்குப் பெப்சி கம்பனி இணங்கியது 2007இலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

2. ஐரோப்பாவில் ஊற்றின் மதிப்பு

ஐரோப்பாவிற் போத்தல் நீர் பிறந்த வழி வேறு. அங்கு அது மருத்துவத்தின் பிள்ளை எனலாம். பிரான்சின் விஷி, எவியான், இங்கிலாந்தின் பாத், பக்ஸ்டன், மோல்வேர்ண் ஆகிய ஊர்களின் ஊற்றுக்கள் நோய் தீர்க்கும் ஆற்றலுடையன எனக் கருதப்பட்டன. செல்வர் அவ்வூர்களுக்குச் சென்று தங்கி, மருத்துவர் விதித்த அளவில் நீர் அருந்தினர். அங்குச் செல்ல இயலாதோருக்கு அந்நீர் போத்தலில் அனுப்பப்பட்டது. அப்போத்தல் விற்றது நீரை மட்டுமன்று. ஓர் இடத்தையும் விற்றது. பல நூறு ஆண்டுகளாகப் பாறைகளினூடாக வடிந்து, மனிதக் கை படாது வெளிவரும் நீர் என்பதே அதன் பெறுமதிக்கு அடிப்படை.

இவ்வழக்காறு பின்னர் சட்ட வடிவமும் பெற்றது. 1980இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் வெளியிட்ட பணிப்புரையின்படி, 'இயற்கைக் கனிய நீர்' என்ற பெயருக்குரிய நீர் நிலத்தடியிலிருந்து வருதல் வேண்டும். ஊற்றிடத்திலேயே அடைக்கப்படுதல் வேண்டும். அரசின் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும். கிருமிநீக்கம் செய்வதை அது தடை செய்தது. அமெரிக்க விதி தூய்மையாக்கலைத் தகுதியாகக் கொள்ள, ஐரோப்பிய விதி தூய்மையாக்க வேண்டாத நிலையையே தகுதியாகக் கொண்டது. பிரித்தானியாவின் 1999ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் இதே அடிப்படையில் இயற்கைக் கனிய நீர், ஊற்று நீர், போத்தலில் அடைத்த குடிநீர் என மூன்று வகைகளை வகுத்தன. டசானி இவற்றுள் மூன்றாவதையே சாரும். சட்டப்படி அதில் எக்குற்றமுமில்லை. ஆனால், போத்தல் நீர் என்றவுடன் பிரித்தானியரின் மனக்கண்முன் தோன்றியது முதலிரு வகைகளே.

பொருளியல் நோக்கில் இவ்வேறுபாடு ஆழமானது. ஊற்று நீரை விற்பவரின் இலாபம் குறிப்பிட்ட நிலத்தின் மீதுள்ள தனியுரிமையிலிருந்து வருகின்றது. அவ்வூற்று ஒன்றே, அதைப் பெருக்க இயலாது. டசானியை விற்பவரின் இலாபமோ எங்கும் பெருக்கத்தக்க ஒரு பெயரிலிருந்து வருகின்றது. இரண்டும் போத்தலில் அடைத்த நீரே எனினும், சமூக உறவு என்ற வகையில் வெவ்வேறு பண்டங்களாகும். கம்பனி இதனை நோக்கத் தவறியது.

3. குழாய் நீர்: ஒரு பொதுச் சாதனை

போத்தல் நீரின் மதிப்பு, அதனோடு ஒப்பிடப்படும் குழாய் நீரின் மதிப்பைப் பொறுத்ததாகும். ஆதலின் இலண்டன் குழாய் நீரின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மக்களுக்கு நீர் வழங்கியவை தனியார் கம்பனிகள். அவற்றுட் சில, கழிவுகள் கலந்த தேம்ஸ் ஆற்றின் நீரையே விநியோகித்தன. வாந்திபேதி நோய் மீண்டும் மீண்டும் பரவி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கவர்ந்தது. 1854இல் சோகோப் பகுதியின் புரோட் வீதியிலே பரவிய நோயை ஆராய்ந்த ஜோன் சினோ என்னும் மருத்துவர், அங்கிருந்த நீர்க் குழாயொன்றே அதற்கு மூலம் என்பதைக் காட்டினார். தேம்ஸ் நீரை வெவ்வேறிடங்களில் எடுத்த இரு கம்பனிகளின் வாடிக்கையாளரிடையே மரண வீதம் பெரிதும் வேறுபட்டதையும் அவரே வெளிப்படுத்தினார். இலாபமும் பொதுச் சுகாதாரமும் ஒருசேர நிற்குமா என்ற விவாதம் அரை நூற்றாண்டு நீடித்தது. ஈற்றில் 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் எட்டுத் தனியார் கம்பனிகளின் பணி பொதுச் சபையொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

1989இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் நீர் வழங்கல் மீண்டும் தனியார் கைக்கு மாற்றப்பட்டமை பலத்த எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. எனினும் குடிநீரின் தரத்தைக் கண்காணிப்பதற்கென 1990இல் ஒரு பரிசோதகர் பணியகம் நிறுவப்பட்டது. தர அளவீடுகள் ஒழுங்காக வெளியிடப்பட்டன. கட்டணம் பற்றியும் கம்பனிகளின் இலாபம் பற்றியும் முறைப்பாடுகள் இருந்தபோதிலும், குழாயைத் திறந்து அப்படியே நீரருந்தலாம் என்ற நம்பிக்கை மக்களிடம் நிலைத்திருந்தது. அந்நம்பிக்கை எவரும் விளம்பரத்தால் உண்டாக்கியதன்று. நூற்றைம்பது ஆண்டுகாலப் போராட்டங்கள், பொறியியற் பணிகள், சட்டங்கள், ஆய்வுகூடப் பரிசோதனைகள் ஆகியவற்றின் திரண்ட விளைவு அது.

4. வெளிப்பட்ட இரகசியம்

பிரித்தானியச் சந்தைக்கான டசானி, இலண்டனின் தென்கிழக்கு எல்லைப்புறத்திலுள்ள சிட்கப் என்ற இடத்தில் இயங்கிய ஆலையில் உற்பத்தியாயிற்று. ஆலைக்கு நீர் வழங்கியது தேம்ஸ் நீர்க் கம்பனி. அரை லீற்றர்ப் போத்தலொன்றின் விலை 95 பென்சு. அதேயளவு குழாய் நீரின் விலை 0.03 பென்சு எனப் பத்திரிகைகள் கணக்கிட்டன. அஃதாவது, போத்தலின் விலை குழாய் விலையைப் போல மூவாயிரம் மடங்குக்கும் அதிகம்.

நீரின் மூலம் பற்றிய செய்தி முதலில் வர்த்தகச் சஞ்சிகையொன்றிற் சிறிதாக வெளிவந்தது. மார்ச் மாதத் தொடக்கத்திலே நாளிதழ்கள் அதனை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தன. நீரைப் பல படிகளிற் சுத்திகரிப்பதாகவும், விண்கலங்களிற் பயன்படும் நுட்பமே தமது நுட்பமெனவும் கம்பனி விளக்கியது. வீட்டுக்குரிய சாதாரண வடிகருவிகளும் அதே எதிர்ப் பிரசாரண முறையைக் கையாளுகின்றன என்பதை எடுத்துக்காட்டப் பத்திரிகையாளருக்கு நெடுநேரம் எடுக்கவில்லை. போத்தலிற் பொறிக்கப்பட்ட 'தூய' என்ற சொல்லும் கேள்விக்குள்ளாயிற்று. இதனைத் தூய்மையாக்கிய நீர் என்றால் குழாய் நீர் தூய்மையற்றதா என நீர் வழங்கும் கம்பனிகளின் சார்பில் ஆட்சேபம் எழுப்பப்பட்டது. கம்பனிக்கு இது ஓர் இக்கட்டான நிலை. குழாய் நீர் நல்லதெனின் டசானி தேவையற்றது. குழாய் நீர் தீயதெனின், அக்கூற்றை ஏற்க நாட்டிலே எவரும் ஆயத்தமாக இல்லை.

இவ்விடத்தில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் நினைவும் குறுக்கிட்டது. பிரித்தானியர் பெரிதும் நயந்த 'ஒன்லி பூல்ஸ் அன்ட் ஹோர்சஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் 1992ஆம் ஆண்டு நத்தார்ப் பகுதியிலே, தென் இலண்டனின் பெக்கம் பகுதியிலே சில்லறை வியாபாரஞ் செய்யும் டெல் என்னும் பாத்திரம் தன் வீட்டுக் குழாய் நீரைப் போத்தலிலடைத்து 'பெக்கம் ஊற்று' என்ற பெயரில் விற்கின்றது. ஈற்றில் அந்நீர் மாசடைந்தது என்பதும் வெளிப்படுகின்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், பெக்கமிலிருந்து சிறிது தொலைவே உள்ள சிட்கப்பில் உலகப் பெருங் கம்பனியொன்று அதே தொழிலைச் செய்வதாகச் செய்தி வந்ததும் பத்திரிகைகள் இரண்டையும் இணைத்து எள்ளி நகையாடின. நகைப்பின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த கதையொன்று புதிய நிகழ்ச்சிக்கு ஆயத்தமான விளக்கமாக அமைந்தது. கம்பனியின் விளம்பரம் சொன்ன கதையைவிட அது பலமான கதை.

விளம்பரத்தில் ஆளப்பட்ட சொல்லொன்று அமெரிக்க வழக்கில் ஊக்கத்தையும் பிரித்தானியக் கொச்சை வழக்கில் ஆபாசப் பொருளையும் குறித்தமையே தோல்விக்குக் காரணம் எனக் கூறுவோரும் உளர். அது நகைப்பை மிகுவித்திருக்கலாம். எனினும், அச்சொல் மாற்றப்பட்டிருப்பினும் போத்தலினுள் இருந்தது தேம்ஸ் நீரே. விலையும் 95 பென்சே. சொற்பிழையைத் திருத்தலாம், பண்டத்துக்கு அடிப்படையான உறவைச் சொல்லால் திருத்த இயலாது.

5. தூய்மையாக்கல் உண்டாக்கிய மாசு

இந்நிலையிலே மார்ச் 19ஆம் திகதி வந்த செய்தி, நகைப்பாக இருந்ததை அச்சமாக மாற்றியது. டசானி நீரிற் புரோமேற்று என்னும் இரசாயனப் பொருள் சட்டம் அநுமதித்த அளவை விஞ்சிக் காணப்பட்டது. பிரித்தானியச் சட்டத்தின்படி ஒரு லீற்றர் நீரில் 10 மைக்கிரோகிராம் வரையே புரோமேற்று இருக்கலாம். டசானி மாதிரிகளில் 10 முதல் 22 மைக்கிரோகிராம் வரை இருந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் போத்தல்கள் மீட்கப்பட்டன.

இதன் இரசாயனம் எளிதானது, அறியத்தக்கது. எதிர்ப் பிரசாரணம் நீரிலுள்ள கல்சியத்தையும் நீக்கி விடுகின்றது. பிரித்தானிய விதிகள் இத்தகைய நீரிற் கல்சியம் இருத்தல் வேண்டும் என்பதால், ஆலையிற் கல்சியம் குளோரைட்டு சேர்க்கப்பட்டதெனக் கம்பனி விளக்கியது. சேர்க்கப்பட்ட கல்சியம் குளோரைட்டிலே புரோமைட்டு கலந்திருந்தது. புரோமைட்டு இச்சிறு அளவிற் கேடானதன்று. ஆயின் கிருமிநீக்கத்துக்கென அந்நீரினூடாக ஓசோன் வாயு செலுத்தப்பட்டது. ஓசோன் குளோரீனைப் போல நீரிற் சுவையை விட்டுச் செல்லாதாகையாற் போத்தல் நீர் ஆலைகள் அதனை விரும்புகின்றன. அது வலிமை மிக்க ஒட்சியேற்றியும் ஆகும். அதனால் ஒட்சியேற்றப்பட்ட புரோமைட்டு புரோமேற்றாக மாறியது. நீண்டகாலம் உட்கொண்டாற் புற்றுநோய் விளைக்கக்கூடிய பொருள்களின் வரிசையிற் பொற்றாசியம் புரோமேற்று வைக்கப்பட்டுள்ளது. உடனடி ஆபத்து எதுவுமில்லை என உணவுத் தர முகவரகம் அறிவித்தது உண்மையே. ஆனால் அவ்வறிவிப்பைச் செவிமடுக்கும் மனநிலையில் எவரும் இருக்கவில்லை.

ஆலைக்குள் வந்த குழாய் நீரில் இக்குறை இருக்கவில்லை என்பதே இங்கு முக்கியமானது. குழாயிலே நல்ல நீராக வந்தது, தூய்மையாக்கல் என்னும் செய்முறையினால் சட்டத்துக்கு ஒவ்வாத நீராக மாறியது. கம்பனி 95 பென்சுக்கு விற்றது நீரையன்று, அச்செய்முறையையே. விற்கப்பட்ட அச்செய்முறையே மாசுக்கும் மூலமாயிற்று. 1999ஆம் ஆண்டு யூன் மாதம் பெல்ஜியத்திற் கொக்கா-கோலா அருந்திய சிறுவர் சிலர் சுகவீனமுற்றதைத் தொடர்ந்து அங்கும் பிரான்சிலும் பானங்கள் மீட்கப்பட்டமை ஐரோப்பியர் நினைவில் இன்னும் பசுமையாக இருந்தது. டசானியைப் பிரான்சிலும் ஜேர்மனியிலும் வெளியிடும் திட்டங்கள் சில நாட்களிற் கைவிடப்பட்டன.

6. மீட்சி ஏன் வாய்க்கவில்லை?

மாசு கண்டறியப்பட்டமை மட்டும் ஒரு பெயரை அழித்துவிடுமா? பிரான்சின் பெர்ரியே நீரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. 1990ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவிலே அந்நீரில் பென்சீன் கண்டறியப்பட்டது. ஊற்றிலிருந்து வரும் வாயுவோடு கலந்திருந்த பென்சீனை அகற்றும் வடிகள் உரிய காலத்தில் மாற்றப்படாமையே காரணம். உலகெங்குமிருந்து 16 கோடி போத்தல்கள் மீட்கப்பட்டன. கம்பனி தொடக்கத்திற் கூறிய விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரணாகவும் இருந்தன. பெர்ரியே தன் சந்தையிற் பெரும்பங்கை இழந்தது. 1992இல் நெஸ்லே கம்பனிக்குக் கைமாறியது. ஆயினும் அது அழியவில்லை. திரும்பிச் செல்வதற்கு அதற்கு ஓர் ஊற்று இருந்தது. வடிகளை மாற்றி, ஊற்றைச் சுட்டிக்காட்டி, மீண்டும் விற்க அதனால் முடிந்தது. டசானி சுட்டிக்காட்டக்கூடியது சிட்கப் ஆலையை மட்டுமே.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. டசானியை வெளியிட்டபொழுதே, இங்கிலாந்தின் புகழ்பெற்ற மோல்வேர்ண் ஊற்று நீர் கொக்கா-கோலா குழுமத்தின் உடைமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதற் போத்தலில் விற்கப்பட்டு வந்த நீர் அது. மக்கள் மதித்த ஊற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டே கம்பனி குழாய் நீரை விற்க முற்பட்டதேன்? ஊற்றுக்கு எல்லை உண்டு. மோல்வேர்ண் மலை தரும் நீரின் அளவை அட்லாண்டாவிலிருந்து பெருக்க முடியாது. சிறிய உற்பத்தி இலாபகரமானதன்று என்று கருதிக் கம்பனி அவ்வாலையை 2010இல் மூடிவிட்டது. இடத்தின் பிணைப்பிலிருந்து விடுபட வேண்டும் என்ற மூலதனத்தின் உந்துதலே டசானியை ஆக்கியது. பிரித்தானியாவில் அதனை வீழ்த்தியதும் அவ்வுந்துதலேயாகும்.

பின்னர் நிகழ்ந்தது இம்முடிவுக்கு அரண் செய்கின்றது. கம்பனி 2008இல் வட இங்கிலாந்தின் மோர்பெத் நகரிலுள்ள ஊற்றொன்றை வாங்கியது. 2014இல் 'ஸ்மார்ட்வாட்டர்' என்ற அமெரிக்கப் பெயரைப் பிரித்தானியாவுக்குக் கொணர்ந்தபொழுது அவ்வூற்றின் நீரையே பயன்படுத்தியது. அந்நீர் ஆவியாக்கி வடிக்கப்படுகின்றது. பின்பு உப்புக்கள் சேர்க்கப்படுகின்றன. ஆவியாக்கி வடித்தால் ஊற்று நீருக்கும் குழாய் நீருக்குமிடையே எஞ்சும் இரசாயன வேறுபாடு மிகச் சொற்பம். எனினும் ஊற்று தேவைப்பட்டது. தொண்டைக்கு வேண்டாத ஊற்று, போத்தலின் மேலொட்டிய சிட்டைக்கு இன்றியமையாததாயிற்று. பத்தாண்டுகளின் முன் பட்ட அடியிலிருந்து கம்பனி கற்ற பாடம் இதுவே.

முடிவுரை

பண்டங்கள் தம்மை ஆக்கிய மனித உறவுகளை மறைத்து, தாமே பெறுமதி உடையன போலத் தோன்றுகின்றன என்று மார்க்ஸ் 1867இல் எடுத்துரைத்தார். பிரபலமான பெயர் என்பது இம்மறைப்பின் முதிர்ந்த வடிவமாகும். ஆயின் மறைப்பு எங்கும் ஒரே துணியால் நெய்யப்படுவதில்லை. அமெரிக்காவில் அது தொழில்நுட்பம் என்ற நூலால் நெய்யப்பட்டது; ஐரோப்பாவில் மலை, ஊற்று, இயற்கை என்பவற்றால் நெய்யப்பட்டது. ஒன்றை மற்றதன் இடத்திற் போர்த்த முற்பட்டபொழுது உள்ளிருந்தது வெளிப்பட்டது. டசானி இன்றும் அமெரிக்காவில் விற்பனையாகின்றது. அதே நீர், அதே செய்முறை. வேறுபட்டது அதனைச் சூழ்ந்த சமூகமே.

ஊற்றின் கதை உண்மை, குழாயின் கதை பொய் என இதனைப் பொருள்கொள்ளுதல் தவறு. தனது சில கனிய நீர்களிலே தடைசெய்யப்பட்ட வடிகட்டல், கிருமிநீக்க முறைகளைக் கையாண்டதாகப் பிரான்சில் நெஸ்லே கம்பனி 2024இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மனிதக் கை படாத ஊற்று என்பதும் பல வேளைகளிற் சிட்டையில் எழுதிய வாசகமே.

ஆகவே பிரித்தானிய மக்கள் டசானியை நகைத்து ஒதுக்கியமைக்கு அவர்களின் இரசனை உயர்ந்தது என்பது காரணமன்று. ஒப்பிடுவதற்கு அவர்களிடம் ஒரு பொது அளவுகோல் இருந்தது. பாதுகாப்பான குழாய் நீரும், அதனைப் பரிசோதிக்கும் நிறுவனங்களும், முடிவுகளை வெளியிடும் பத்திரிகைகளும் இருந்தமையாலேயே 95 பென்சை 0.03 பென்சோடு வைத்து எண்ண அவர்களால் முடிந்தது. அவ்வளவுகோல் இல்லாதவிடத்து அவ்வெண்ணிக்கைக்கே இடமில்லை. 2014ஆம் ஆண்டின் பின் அமெரிக்காவின் பிளின்ற் நகரிலே குழாய் நீரில் ஈயம் கலந்தபொழுது, வறிய மக்கள் போத்தல் நீரையே நம்பியிருக்க நேர்ந்தது. அங்கு எந்தப் பெயரும் தோல்வியுறவில்லை.

எனவே, ஒரு நாட்டிற் போத்தல் நீர் தோற்றது ஏன் என்று வினவும் ஆய்வாளர், மற்றொரு நாட்டில் அது வென்றது ஏன் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கான விடையை விளம்பரத்தில் மட்டுமன்றி, அந்நாட்டின் பொதுக் குழாய் எந்நிலையில் உள்ளது என்பதிலும் தேடுதல் தகும்.